பிவ்புரியிலிருந்து கார்பெட் நோக்கி: பாதி வழியில் திரும்பிய ஒரு ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டால் மும்பையின் சயான் கோலிவாடாவில் வாழும் எங்களைப் போன்ற நெல்லைக்காரர்களுக்குக் குற்றாலத்தின் நினைவு வந்துவிடும். சாரலுக்காக ஊருக்குப் போய்வர விடுப்பும் ரயில் டிக்கெட்டும் அமையாமல் நான் ஏங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், மும்பைக்குக் கிழக்கே நிற்கும் சஹ்யாத்ரியும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான் என்று எடுத்துச் சொல்லி என்னை அழைத்துப் போகத் தொடங்கியவர், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி. சென்ற ஜூலைக் கடைசி ஞாயிறன்று அவரும் நானும் என் மச்சினனும் குர்லாவில் விடியற்காலைக் கர்ஜத் லோக்கலைப் பிடித்து, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பிவ்புரி ரோடு நிலையத்தில் இறங்கினோம்.

எங்களோடு இறங்கிய பெருங்கூட்டம் நிலையத்துக்கு அருகிலுள்ள அருவிக்குப் போயிற்று. நாங்கள் திக்சல் கிராமத்தைத் தாண்டி, பாலி பூதவலி அணையின் கரையோரமாக, மாத்தேரான் மலையின் கார்பெட் முனைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தோம். மராத்தியில் ‘மாதே’ என்றால் தலை, ‘ரான்’ என்றால் காடு. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் காட்டைத் தலையில் சுமந்து நிற்கும் மலை என்பதால் அந்தப் பெயர். கார்கள் நுழைய அனுமதியில்லாத அந்த ஊருக்குப் பெரும்பாலோர் நேரல் வழியாகவே செல்வதால், இந்தப் பக்கத்தில் மலைவாழ் தாக்கூர் மக்களையும் அவர்களுடைய ஆடுகளையும் தவிர நாங்கள் எதிர்கொண்டவர்கள் மிகச் சிலரே.

வயல்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வேலி முள்ளைப் பற்றிக்கொண்டு செங்காந்தள் பூத்திருந்தது. இதழின் அடிப்பகுதி மஞ்சளாகவும் நுனி நெருப்பாகவும், ஓரங்கள் அலையலையாக நெளிந்து மேல்நோக்கி வளைந்தும், இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு முள்ளைச் சுற்றியும் இருந்ததை மூவரும் குனிந்து பார்த்தோம். தமிழ்நாட்டின் மாநிலப் பூவை இவ்வளவு தொலைவில் காண்பது, ஊர்க்காரரை எதிர்பாராமல் சந்தித்ததைப் போல இருந்தது. (கிழங்கு கடும் நஞ்சு, குழந்தைகளோடு செல்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.) சற்று மேலே சரிவு முழுவதும் கார்வி புதர்கள். இது நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது போல, கார்வி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். அதன் தண்டுகளை வரிந்து, சாணமும் மண்ணும் பூசித்தான் இங்குள்ளவர்கள் வீட்டுச் சுவர் எழுப்புகிறார்கள்.

முதல் ஓடையைக் கணுக்கால் நீரில் எளிதாகக் கடந்தோம். அதற்கு முன், கரையோரம் நீரின் விளிம்பில் இருந்த வெள்ளைக் கோடு போட்ட ஒரு கருங்கல்லை அண்ணாச்சி எங்களுக்குக் காட்டி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவான பாறை இது. அதனால்தான் இங்கு அருவிகள் ஒரே பாய்ச்சலாக விழாமல், படிக்கட்டில் இறங்குவது போலத் தங்கித் தங்கி விழுகின்றன. குடிசைகள் சிலவே உள்ள வாடியைத் தாண்டியதும் எதிர்ச்சுவர் முழுவதும் அப்படிப் பல வெள்ளிக் கோடுகள் தெரிந்தன. அவற்றுள் பெரியதன் அடிவாரத்துக்குச் செல்வதே எங்கள் நோக்கம்.

இரண்டாம் ஓடையின் கரையில் செருப்பைக் கழற்றியபோது நீர் தெளிவாகவே இருந்தது. எங்கள் தலைக்கு மேல் மழையும் இல்லை. ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. சலசலப்பாக இருந்த ஓசை கனத்தது. நீர் தேநீர் நிறத்துக்கு மாறியது.

“முழங்கால் அளவுதானே அண்ணாச்சி, கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாமே,” என்றான் மச்சினன்.

“கலங்கல் வந்துட்டுன்னா மேல பெய்யுதுன்னு அர்த்தம் தம்பி. பத்து நிமிஷம் நின்னு பாரு,” என்றார் அவர்.

பத்து நிமிடம் தேவைப்படவில்லை. மேட்டு நிலத்தில் பாறைமேல் மண் மெல்லிய போர்வையாகவே இருப்பதால், ஜூலை முடிவதற்குள் அது நனைந்து நிறைந்துவிடுகிறது. அதன்பின் பெய்வது அப்படியே ஓடைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் கால் வைக்க எண்ணியிருந்த பாறைகள் கண்ணெதிரே மறைந்தன. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் புஷி அணைக்குப் பின்புறமுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் அடித்துச் செல்லப்பட்டது இப்படி வந்த வெள்ளத்தில்தான். அந்தக் காட்சி நினைவுக்கு வந்தபின் மச்சினன் எதுவும் பேசவில்லை.

வாடிக்குத் திரும்பி ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். வீட்டுக்கார மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா போன்ற அழைப்பு) பாக்ரி எனும் அரிசி மாவு ரொட்டியும் டாக்ளா கீரைப் பொரியலும் கொடுத்தார். வாயில் வைத்ததுமே, அது பாட்டி வீட்டுத் தகரைக் கீரை என்று தெரிந்துவிட்டது. உணவுக்குப் பணம் வாங்கிக்கொள்ள அவர் முதலில் மறுத்தது எனக்கு இன்றும் மனத்தில் நிற்கிறது. அங்கிருந்து பார்க்கையில், காலையில் கோடாக இருந்த அருவி பழுப்பு நிறத்தில் பல மடங்கு பருத்து, பாறைப்படி ஒவ்வொன்றிலும் மோதிப் புகையாக எழுந்துகொண்டிருந்தது. அடிவாரத்துக்குப் போயிருந்தால் இந்த முழு உருவத்தை நாங்கள் பார்த்திருக்க முடியாது.

முதல் ஓடையும் பெருகியிருந்தது. அதன் கரையில் இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். முதலில் ஓசை தணிந்தது, பிறகு சுள்ளிகள் நின்றன, கடைசியில் அந்தக் கருங்கல்லின் வெள்ளைக் கோடு நீருக்கு மேலே தெரிந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.