காந்தமா, வாரா?

பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் பை, அதாவது டேங்க் பேக் வாங்கக் காரைக்குடிக்குப் போனேன். கடைக்காரர் காந்தம் வைத்த பையை என் புல்லட் டேங்கில் 'டப்'பென்று ஒட்டிக் காட்டினார். இரும்பு டேங்க், நன்றாகவே பிடித்தது. பிளாஸ்டிக், அலுமினியம் என்றால் ஒட்டவே ஒட்டாது. ஆனால் நம்ம கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண் புழுதி காந்தத்துக்கு அடியில் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான், பெயிண்ட் போய்விடும்.

அதனால் வார் வைத்துக் கட்டும் பையையே எடுப்பதாக முடிவு செய்தேன். பெரிய பையை மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். ஹாரன் பட்டன் அமுங்கி வண்டி அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது. சரி, சின்னதே போதும். பெட்ரோல் போடும்போதெல்லாம் கழற்ற வேண்டும், அது ஒரு தொல்லை.

வீட்டில் ஆச்சி திறந்து பார்த்துவிட்டு, "இதுல அரைப்படி மணகோலப் பலகாரம்கூடக் கொள்ளாதே தம்பி" என்றார்.