அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி: முகாமில் தொடங்கி ஆடியாலஜிஸ்ட் வரை

கல்யாண மண்டபங்களில் நடக்கும் இலவசப் பரிசோதனை முகாமை நம்பிக் காது கேட்கும் கருவிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பனில் நெடுங்காலம் விசைப்படகு ஓட்டிய என் அப்பாவுக்கு, மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்த ஒரு கூடத்தில் ஹெட்போனை மாட்டிச் சில நிமிடங்களில் பரிசோதனையை முடித்துவிட்டார்கள். காதுக்குள் ஒருவரும் விளக்கடித்துப் பார்க்கவில்லை. "இருபது சேனல் மெஷின்தான் சரிப்படும், இன்றைக்குக் கட்டினால்தான் தள்ளுபடி" என்று (சேனல் என்பது ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பிரிவு) அவசரப்படுத்தி, காதுக்குள்ளேயே மறைந்துவிடும் சிறிய கருவிக்கு அம்மாவிடம் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். விலைச்சீட்டில் ஜிஎஸ்டி என்றும் ஒரு தொகையைச் சேர்த்திருந்தார்கள். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது இரு காதுகளிலும் குரும்பி இறுகி அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு மதுரையில் ஓர் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனை அளந்து கருவி பொருத்தும் வல்லுநர்), ஒலி புகாத அறையில் அப்பாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் செய்த பரிசோதனையின் ஆடியோகிராம் (எந்தச் சுருதி ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்), முகாமில் கொடுத்த தாளுக்குச் சற்றும் பொருந்தவில்லை. தாழ்ந்த சுருதி ஒலிகளில் 30 டெசிபல் அளவிலேயே இருந்த இழப்பு, 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியில் 70 டெசிபலைத் தாண்டியிருந்தது. டீசல் என்ஜின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குப் பாதிப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும் என்று அவர் விளக்கினார். சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்று அப்பா சொல்லிவந்ததற்கும், சங்கு, பங்கு, தங்கு மூன்றும் அவருக்கு ஒன்றாகவே கேட்டதற்கும் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்காததே காரணம். முகாம் தாளை வைத்துக் கருவியை அமைத்திருந்தால், குரும்பி அடைப்புக்கும் சேர்த்து ஒலியைக் கூட்டி அவரை அலறவைத்திருப்பார்கள்.

இடையில் அரசின் இலவசக் கருவிக்காக மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டும் அலைந்தோம். இரு காதுகளிலும் பேச்சொலிக்குரிய சுருதிகளில் 60 டெசிபல் இழப்பாவது இருந்தால்தான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி செவிக்குறைபாடாகக் கொள்ளப்படும். அப்பாவின் அளவு அதற்குக் கீழே. இதை முதல் நாளே சொல்லாமல், புகைப்படம் இல்லை, ஆதார் நகல் தெளிவில்லை என்று வயதானவரைத் திரும்பத் திரும்ப அனுப்பிய அந்த அலுவலரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆடியோகிராமைக் கையில் கொண்டுபோய், இந்த அளவுக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கருவியைத் தேர்ந்தெடுத்ததில் ஆடியாலஜிஸ்ட் சேனல் எண்ணிக்கையைப் பெரிதுபடுத்தவே இல்லை. அப்பா எங்கே, யாரோடு பேசுகிறார் என்றுதான் முதலில் கேட்டார். மீன் ஏலம் நடக்கும் இடமும் கடற்கரையும் என்றதும், உப்புக்காற்றும் வியர்வையும் காதுக்குள் பொருத்தும் கருவியை விரைவில் கெடுக்கும் என்று சொல்லி, காதுக்குப் பின்னால் மாட்டும், மெல்லிய குழாய் வைத்த கருவியை எடுத்துக்காட்டினார். காதை முழுவதும் அடைக்காத முனை என்பதால் அப்பாவுக்குத் தன் குரலே முழங்குவதுபோல் கேட்கும் தொல்லையும் இல்லை. பொருத்தும்போது காதுக்குள் நுண்குழாய் ஒன்றைச் செலுத்தி, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து சரிசெய்தார். இந்த அளவீடு செய்வீர்களா என்று நீங்களும் கேளுங்கள். உங்கள் ஆடியாலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்பதையும் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்தது பேருதவியாக இருந்தது. அறையில் தெளிவாகக் கேட்ட கருவி, பாம்பன் காற்றில் வெறும் இரைச்சலாகிவிட்டது. அதைச் சொன்னதும் காற்றிரைச்சலைக் குறைக்கும் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். மறுநாள் ஏலத்தில் கூறிய விலையை அப்பா யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை என்று அம்மா போனில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இரவில் கருவியை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம்; கடலோரத்தில் இதைத் தவறவிடக் கூடாது. பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சார்ஜ் குறைந்துகொண்டே போகும் என்பதால், தேவைப்படும்போது மட்டுமே உரிக்கிறோம். முகாம்காரர்கள் முன்பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. இரசீதையும் இரண்டு பரிசோதனைத் தாள்களையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை எழுதி முடித்துவிட்டேன். வருகிற வாரம் கொடுக்கப் போகிறேன்.