ஒன்பது சதவீதம்

ஒரு முழுக் கை வெந்துபோனால் மருத்துவக் கணக்கில் அது 9 சதவீதம். தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து 9, ஒரு காலுக்கு 18, நெஞ்சும் வயிறும் 18, முதுகு 18 என்று உடம்பைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பதற்கான கணக்கு அது. வக்கீலாகிப் பல வருடங்கள் கழித்து, 2013-இல் ஒரு வடை மாஸ்டரின் வழக்கில்தான் அதை நான் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் 7 பேர் வேலை பார்த்த சின்ன ஓட்டல். கேஸ் அடுப்பின் ஒரு கால் உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மாஸ்டர் இரண்டு தடவை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். தீபாவளி முடியட்டும் என்று பதில். ஒரு நாள் காலையில் செங்கல் நழுவி, கொதிக்கிற எண்ணெயோடு வடைச்சட்டி அவர் பக்கம் சாய்ந்தது. தோளிலிருந்து விரல் நுனிவரை வலது கை வெந்துபோயிற்று. அப்போது அவருக்கு வயது 30.

தீக்காய வழக்குகளில் பாதி, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிடுகிறது. டியூட்டி டாக்டர் “எப்படி ஆச்சு?” என்று கேட்டு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் முதலாளியின் ஆள். இங்கேயும் அப்படித்தான். “வீட்டுல பலகாரம் சுடும்போது பட்டுருச்சுன்னு சொல்லிரு. போலீஸ் கேஸ் ஆனா உனக்குத்தான் அலைச்சல். செலவு பூரா கடை பாத்துக்கும்” என்று ஆட்டோவிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். வலியில் துடிக்கிற மனிதர் என்ன செய்வார்? தலையாட்டிவிட்டார். கடை 12 நாள் செலவைப் பார்த்தது. அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

அவர் மனைவி என்னிடம் வந்தபோது கையில் இருந்தது அந்த ஏ.ஆர். காப்பி மட்டும்தான். “வீட்டில்” என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கையே ஊதித் தள்ளிவிடலாம். ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டை முழுசாக வரவழைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மறுநாள் கட்டு மாற்றிய நர்ஸ், ஓட்டலில் எண்ணெய் கொட்டியதாக நோயாளி சொல்கிறார் என்று எழுதிவைத்திருந்தார். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. இன்றுவரை அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் எங்கே போவது என்ற கேள்வி. ஓட்டலுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. சிவில் கோர்ட்டில் அஜாக்கிரதைக்காக நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் கேட்கிற தொகையில் ஏழரை சதவீதத்தை அப்போது கோர்ட் கட்டணமாகக் கட்ட வேண்டியிருந்தது, எத்தனை வருடம் ஆகும் என்றும் சொல்ல முடியாது. அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் போனால் அஜாக்கிரதையை நிரூபிக்கவே வேண்டாம். வேலையின்போது, வேலையால் பட்ட காயம் என்றால் போதும். இரண்டு இடத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆணையரிடம் போகலாம் என்றேன்.

மாஸ்டருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. “அப்ப அந்தச் செங்கல்லப் பத்தி யாருமே கேக்க மாட்டாங்களா சார்?” என்றார். “கேட்க வேண்டிய அவசியமில்லை தம்பி, அது நமக்கு நல்லதுதான்” என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. அவர் கேட்டது அதுவல்ல என்பது எனக்கும் தெரிந்தேதான் இருந்தது.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பத் திரும்ப 9 சதவீதத்தையே பிடித்துக்கொண்டார். 91 சதவீத உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். ஆணையர் கையை மூடியிருந்த துண்டை எடுக்கச் சொல்லி, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுங்கள் என்றார். தோல் இழுத்துக்கொண்டதில் முழங்கை நிமிராது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தன. அவர் இடது கையால் டம்ளரை எடுத்து, வலது கையின் வளைவுக்குள் சொருகிக் காட்டினார். தண்ணீர் சட்டையில் சிந்தியது. ஒட்டுப்போட்ட தோலுக்கு வியர்க்காது, அடுப்புச் சூட்டைத் தாங்காது என்று டாக்டர் சாட்சியம் சொன்னார். முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சுவேலை பார்க்க முடியாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் முழு ஊனமாகக் கணக்கிட்டதை எடுத்து வைத்தேன். வடை மாஸ்டருக்கும் அதே நியாயம்தானே?

ஆணையர் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீத இழப்பு என்று முடிவு செய்தார். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது. மாஸ்டரின் சம்பளம் 11,000. ஆனால் அன்றைய சட்டம் 8,000-க்கு மேல் கணக்கில் எடுக்காது. சட்டப்படி அதில் 60 சதவீதம் 4,800, அதைச் சட்டத்தின் அட்டவணையில் 30 வயதுக்கு உள்ள எண்ணான 207.98-ஆல் பெருக்கி, வந்ததில் ஆணையர் சொன்ன இழப்பான 60 சதவீதம்: 5,98,982 ரூபாய். அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. மேல்முறையீடு செய்வதென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும் என்பதால் முதலாளி அந்தப் பக்கம் போகவில்லை.

உத்தரவு நகலைக் கொடுத்தபோது மாஸ்டர் தொகையைப் பார்க்கவில்லை. “செங்கல்லுன்னு எங்கயாவது இருக்கா சார்?” என்றார். 6-ஆம் பக்கத்தில், இரண்டாவது சாட்சியின் வாக்குமூலத்தைச் சுருக்கிச் சொல்லும் இடத்தில், அடுப்பின் உடைந்த காலுக்குச் செங்கல் வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு வரி இருந்தது. காட்டினேன். இடது கை ஆள்காட்டி விரலை அந்த வரியின் கீழே வைத்து, மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார்.