மலக்காலில் அவர், முன்சீப் கோர்ட்டில் நான்

2022-இல் என் கணவரின் பட்டாலியன் ஐ.நா. அமைதிப்படைப் பணிக்காகத் தெற்கு சூடானுக்குப் போனது. வெள்ளை நைல் கரையில் உள்ள மலக்காலில் முகாம். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் யூ.என். மிஷன் என்றதும் எல்லோரும் கேட்டது காசைப் பற்றித்தான். ஐ.நா. ஒரு வீரருக்கென்று அப்போது மாதம் தந்த 1,400 டாலர் சொச்சம் அரசாங்கத்துக்குப் போனது. வீரருக்கு அரசு தன் கணக்குப்படி வெளிநாட்டுப் படி கொடுக்கிறது. இதை விளக்கி விளக்கி அலுத்துப் போனேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, பயிற்சி என்று அவருக்கு வேண்டியதையெல்லாம் பட்டாளம் பார்த்துக்கொண்டது. வீட்டுக் காரியங்களுக்கு, ஓய்வுபெற்ற சுபேதாரான என் மாமனார்தான் பிடிவாதமாக நின்று, கிளம்பும் முன்பே என் பெயருக்குப் பவர் பத்திரம் பதிவு செய்ய வைத்தார். அங்கே போனபின் எழுதுவதென்றால் அந்நாட்டுத் தலைநகர் ஜூபாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டும். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். இவ்வளவு முன்யோசனைக்குப் பிறகும் ஒரு வங்கி, "எங்கள் படிவத்தில் சாரே கையெழுத்துப் போட வேண்டும்" என்று என்னைத் திருப்பி அனுப்பியது.

அங்கே இரவு ஒன்பது என்றால் நமக்குப் பன்னிரண்டரை. அந்நேரத்துக்குத்தான் அவர் அழைப்பு வரும். வருடக் கடைசியில் மேல் நைல் மாநிலத்தில் சண்டை மூண்டு, ஆயிரக்கணக்கானோர் மலக்காலுக்குத் தஞ்சம் தேடி வந்தார்கள். அவரோ, அங்குள்ளவர்களின் மாடுகளுக்கு நம் ராணுவக் கால்நடை மருத்துவர்கள் வைத்தியம் பார்ப்பதையே மகனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மாட்டுக் கதை நீண்டால் நிலைமை சரியில்லை என்று நான் புரிந்துகொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் சம்மன் வந்தது. வரப்புப் பாதைக்காகப் பக்கத்து நிலத்துக்காரர், என் கணவரைப் பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டிருந்தார். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும் என்றார் வக்கீல். பெயரில் 'முன்னாள்' இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்பத்தையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கவனிக்கும் என்று மாமனார் என்னை அங்கே அழைத்துப் போனார். 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டத்தைப் பற்றி அங்கிருந்த ஊழியர் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீரர் கடல் கடந்து பணியாற்றுகிறார், வழக்கைத் தள்ளிவைப்பது நியாயத்துக்கு அவசியம் என்று அவருடைய அதிகாரி சான்றளித்தால், நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். வீரர் சார்பில் யாரும் ஆஜராகாத நிலையில் கலெக்டரே சான்று எழுதவும் அதில் இடமிருக்கிறது. எங்கள் வக்கீலுக்கு அது புதுச் செய்தி.

பட்டாலியனின் ரியர் பார்ட்டிக்கு, அதாவது இங்கேயே தங்கி அதன் அலுவல்களைப் பார்க்கும் பிரிவுக்கு, எழுதினேன். முதலில் வந்த கடிதத்தில் வழக்கு எண்ணும் இல்லை, எதுவரை வர இயலாது என்பதும் இல்லை. அவை இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது. திருத்திய சான்று வந்ததும் தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். "மனைவியிடம்தான் பவர் இருக்கிறதே, அவர் நடத்தட்டுமே" என்றார். பத்திரத்தை வரிவரியாகப் படித்தார்கள். வீடு, வங்கி, வரி எல்லாம் இருந்தன. வழக்கு நடத்தும் அதிகாரம் இல்லை. எழுதிக்கொடுத்த பத்திர எழுத்தர் விட்டதோ, மாமனார் வேண்டுமென்றே விட்டதோ, கேட்டால் சிரிக்கிறார். கணவர் திரும்பும்வரை வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

2023 ஜனவரியில் மலக்கால் பகுதியில் 1,171 இந்திய வீரர்களுக்கு ஐ.நா. பதக்கம் அணிவித்தார்கள். அதில் ஒன்றோடு அவர் ஊர் திரும்பினார். வரப்பு வழக்கு இன்னும் முடியவில்லை. லீவில் வரும்போது வாய்தா விழுந்தால் அவரே போகிறார்.