குலசேகரம் தராசு: ஒரு வேலையின் நாட்குறிப்பு

ஜூன் 4, 2024

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடை. ரப்பர் ஷீட்டும், மரப்பட்டையிலும் கோப்பையிலும் உறைந்த ஒட்டுப்பாலும் கொண்டுவருபவர்களுக்கு இதுவரை எடையைக் கையால் எழுதித்தான் சீட்டு கொடுக்கிறார்கள். மின்னணுத் தராசு காட்டும் எடை அப்படியே கணினிக்குப் போய் அச்சாக வேண்டும் என்கிறார் கடைக்கார அண்ணன். நல்ல எண்ணம். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, ஷீட் அடித்து, புகையில் உலர்த்திக் கொண்டுவருபவரின் வருமானம் அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

தராசின் பின்னால் ஒன்பது முனை சீரியல் போர்ட் உண்டு; எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய வகை இணைப்பு. கையேட்டில் அதைப் பற்றி ஒரே வரி: 'கணினியுடன் இணைக்கலாம்'. வேகம் என்ன, எழுத்து எந்த வடிவில் வரும் என்று எதுவும் இல்லை. விற்றவரைக் கேட்டால் தங்கள் மென்பொருளை வாங்கச் சொல்கிறார். அரைப் பக்கத்தில் அடங்கும் விவரத்தை மறைத்துவைத்து விலை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி வைத்த முத்திரையை உடைக்கக் கூடாது. வெளியே வருவதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 5

மல்டிமீட்டரே போதுமானதாக இருந்தது. சீரியல் போர்ட்டுக்கான ஆர்.எஸ். 232 என்ற முறையில், அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட்டுக்குள் நிற்கும். 5-ஆம் முனையைத் தரையாக வைத்து மற்றவற்றைத் தொட்டேன். 2-ஆம் முனையில் எண் மைனஸ் பக்கத்திலேயே நிலைகொள்ளாமல் ஆடியது. அப்படியானால் தராசு பேசுவது அதில்தான், அதுவும் கேட்காமலே, இடைவிடாமல். கணினி கேட்பதும் 2-ஆம் முனையில் என்பதால் கம்பிகளைக் குறுக்கே மாற்றாத நேர்க் கேபிள் போதும்.

மதியத்துக்கு மேல் மழை, மின்தடை.

ஜூன் 6

கடைக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம். சீரியல் கேபிளை யுஎஸ்பி துளையில் இணைக்க உதவும், சி.எச்.340 சில்லு உள்ள மாற்றியைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது. இயங்குதளம் தனக்குள் எழுதிவைக்கும் கர்னல் பதிவைப் படித்ததும் காரணம் தெரிந்தது. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திரைகள் சிலவற்றிலும் இதே அடையாள எண், 1ஏ86:7523, இருக்கிறது. அதனால் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற பிரெய்ல் மென்பொருள் இந்த மாற்றியைத் தனதென்று எடுத்துக்கொள்கிறது. அந்த மென்பொருளையே நீக்கிவிடு என்பதுதான் பலரும் சொல்லும் வழி. எனக்கு அது பிடிக்கவில்லை. அதை நம்பி ஒருவர் நாளை இந்தக் கணினியின் முன் உட்காரலாம். எந்தக் கருவியை அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் விதிக் கோப்பில் இந்த எண்ணுக்குரிய வரியை மட்டும் செயலிழக்கச் செய்தேன். போர்ட் நிலைத்தது.

ஜூன் 8

இன்று முழுவதும் தராசின் மொழியோடு போனது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் குப்பை, 4800-லும் குப்பை. 2400 வைத்ததும், தட்டு வெறுமையாக இருக்கும்போது சுழியங்கள் சுத்தமாக வந்தன. வேகம் தெரிந்துவிட்டது என்று ஷீட் கட்டு ஒன்றை வைத்தேன். தராசில் 35.60, திரையிலும் 35.60. அடுத்த கட்டு 41.20. திரையில் புள்ளியும் கடைசிச் சுழியமும் மட்டும் சரி, மற்ற மூன்றும் கிறுக்கல்.

கம்பியில் கோளாறு என்றால் எல்லா எண்ணும் அவ்வப்போது கெட வேண்டும். இங்கே சில எண்கள் ஒருபோதும் கெடவில்லை. கட்டுகளை மாற்றி மாற்றி வைத்து எழுதிக்கொண்டேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி. 1, 2, 4, 7, 8 எப்போதும் தவறு. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆஸ்கி என்ற முறையில் ஓர் எண் உண்டு. '1' என்பதன் ஆஸ்கி எண் 49, வந்ததோ 177. வித்தியாசம் 128, அதாவது எட்டாவது பிட்.

பிறகு இரும எண்ணாக எழுதிப் பார்த்தேன். 3 என்பது 0110011, அதில் ஒன்றுகள் நான்கு. 1 என்பது 0110001, ஒன்றுகள் மூன்று. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் இடத்தில் எல்லாம் எட்டாவது பிட்டைச் சேர்த்துத் தராசு அதை இரட்டைப்படையாக்குகிறது. பிழை அறிவதற்கான இரட்டைப்படைப் பாரிட்டி! தரவு ஏழு பிட்தான். அமைப்பை அப்படி மாற்றிய கணத்தில் 41.20 முழுதாக வந்தது. வரி முடிவுக் குறியீடான 13-லும் ஒன்றுகள் மூன்று என்பதால், அதுவரை ஒட்டிக் கிடந்த வரிகளும் பிரிந்தன. எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்றைத் தராசின் வாயாலேயே சொல்லவைத்த மகிழ்ச்சியில் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ஜூன் 10

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்து வருகிறது. தட்டு ஆடும்போது 'யு', நின்றதும் 'எஸ்'. இதைக் கவனிக்காமல் நிரல் எழுதினால், எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே பாதி எண்ணைப் பிடித்துச் சீட்டு அடித்துவிடும். நட்டம் கொண்டுவந்தவருக்கு. 'எஸ்' வந்த பிறகே அச்சிடும்படி எழுதியிருக்கிறேன்.

ஷீட் கொண்டுவந்த அக்கா ஒருவர் சீட்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமேல் இப்படித்தான் தருவீர்களா?" என்று அண்ணனிடம் கேட்டார். "ஆமாம் அக்கா, இனி எல்லோருக்கும் இதுதான்" என்றார் அவர்.

ஜூன் 12

2400, ஏழு பிட், இரட்டைப்படைப் பாரிட்டி, நேர்க் கேபிள், நிலைக்குறி எழுத்து. எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, லேமினேட் செய்து தராசின் பின்பக்கம் ஒட்டினேன். இதே தராசு வைத்திருக்கும் வேறு கடைக்காரர் கேட்டாலும் பிரதி கொடுக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

திருவட்டாறு கிடங்கில் உள்ள இன்னொரு தராசையும் இங்கே கொண்டுவந்து இதே கணினியில் இணைக்க வேண்டுமாம். என்னிடம் உள்ள இரண்டு மாற்றிகளிலும் தனித் தொடர் எண் கிடையாது. கணினிக்கு இரண்டும் ஒன்றே. எந்த யுஎஸ்பி துளையில் எது இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும். துளைகளுக்கு மேல் 'ஷீட்', 'ஒட்டுப்பால்' என்று பெயின்டில் எழுதிவிட்டு அந்த வேலையைத் தொடங்குகிறேன்.