ஐந்து அடி என்றால் கிளம்புவது: எங்கள் வீட்டு வெள்ளத் திட்டம்

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் அதே கதி. அந்த முறை எங்கள் வீட்டில் அதிக நேரம் போனது சாமான் ஏற்றுவதில் இல்லை. "இப்ப போவோமா, இன்னும் கொஞ்சம் பார்ப்போமா" என்ற பேச்சில்தான். இவர் ஒன்று சொல்ல, மாமி ஒன்று சொல்ல, பிள்ளைகள் இருவரும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு காய்ந்து, சுவர் கழுவி முடித்த பிறகு, இனி அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று நானும் இவரும் முடிவெடுத்தோம். என்ன நடந்தால் கிளம்புவது, யார் சொன்னால் கிளம்புவது, எங்கே போவது என்று மழை இல்லாத நாளிலேயே எழுதி வைப்பது என்று உட்கார்ந்தோம்.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதை மகள்தான் தேடி எடுத்தாள். களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கம் தொடங்கி, நோர்வூட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று இறங்கி எங்களிடம் வருகிறது. அதனால் கொழும்பில் பெய்யும் மழையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது. இங்கே மழை விட்டு வெயில் அடிக்கும்போதே, மேலே பெய்த தண்ணீர் வந்து சேரும். நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் ஒவ்வோர் இடத்தின் நீர்மட்டத்தையும் அட்டவணையாக வெளியிடுகிறது. நாங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹங்வெல்லையில் 7 மீட்டர் எச்சரிக்கை மட்டம், 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். கொழும்பு நாகலகம் வீதியில் அடிக் கணக்கு: 4 எச்சரிக்கை, 5 சிறு வெள்ளம், 7 பெருவெள்ளம்.

இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எச்சரிக்கைச் செய்திகள் எங்களுக்குச் சிங்களத்தில் முதலில் வந்து, தமிழில் பிந்தி வந்த நேரங்கள் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது சரியே இல்லை, இதைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அட்டவணையில் இருப்பது எண். இரண்டு ஊரின் பெயரைச் சிங்களத்தில் அடையாளம் கண்டால் போதும், என் மகனும் வாசித்துவிடுவான்.

அப்புறம் விதியை எழுதினோம். ஹங்வெல்லையில் 8 மீட்டர் தாண்டினால் சாமான் மேலே ஏறும், போன்கள் முழுதாக சார்ஜ் ஆகும், குடிநீர் நிரப்பப்படும். நாகலகம் வீதியில் 4 அடி என்றால் மாமியும் மகனும் வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டுக்குப் போவார்கள். 5 அடி என்றால் எல்லோரும். பகலோ இரவோ, வாசலில் தண்ணீர் தெரிகிறதோ இல்லையோ, கிளம்புவதுதான். எண்ணை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் சொன்னால் போதும், மகள் சொன்னாலும் சரி. இவர் புறக்கோட்டையில் கடையில் நிற்பார், போன் எடுக்க முடியாமல் இருக்கும். அவர் சம்மதத்துக்கு வீடு காத்திருக்கக் கூடாது என்று அவரே எழுதச் சொன்னார்.

மாமி இதற்கு இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வர மாட்டன், நீங்கள் போங்கோ" என்று எழும்பிப் போய்விட்டார். பிடிவாதம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 83 ஜூலைக் கலவரத்தின்போது அவர்கள் கொழும்பில் தெமட்டகொடையில் இருந்தார்கள். உடுத்த உடுப்போடு வெளியேறியவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் ஒரு கதிரை மிச்சமில்லை. "ஒருக்கா விட்டுட்டுப் போனன். வந்து பார்க்க ஒண்டும் இருக்கேல்ல" என்று இரவு சாப்பாட்டின்போது மெல்லச் சொன்னார். வீட்டை விட்டுப் போவது என்றாலே அவருக்கு அந்த நாள்தான். இதைக் கேட்காமல் நாங்கள் எத்தனை தாள் எழுதியும் பயனில்லை.

அதனால் திட்டத்தின் பாதி மாமியின் பயத்தை வைத்தே அமைந்தது. நாங்கள் நானா (அண்ணா) என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாடி இருக்கிறது. அவரிடமும், தாத்தா (அக்கா) என்று கூப்பிடும் அவர் மனைவியிடமும் பேசினோம். வெள்ள நேரத்தில் எங்கள் தையல் மெஷின், டிவி, மாமியின் இரும்புப் பெட்டி மூன்றும் அவர்கள் மாடிக்குப் போகும். நானாவின் மகன்மார் மேலே தங்கி வாசலைப் பார்த்துக்கொள்வார்கள். மாமியின் கையில் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று, தாத்தாவின் கையில் ஒன்று. வீட்டு உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதிகள் அடங்கிய பை மாமியின் பொறுப்பு. மூடி இறுக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அவரே ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே ஒரு பழைய சேலைத் துண்டைச் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். அதன் பிறகு, "சரி, நாலு அடி எண்டால் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த கவலை மாமியின் இன்சுலின். மின்சாரம் போனால் பிரிட்ஜ் இல்லை. கிளினிக் தாதியிடம் கேட்டோம். பாவனையில் இருக்கும் குப்பியை வெயில் படாத, சூடில்லாத இடத்தில் சில வாரம் வெளியே வைக்கலாம், திறக்காததற்குத்தான் குளிர் வேண்டும், உங்கள் மருந்துக்குரிய நாள் கணக்கை உறையில் பாருங்கள் என்றார். கொழும்பு வெக்கையில் "சூடில்லாத இடம்" எது என்பதுதான் கேள்வி. பெரிய மண்முட்டிக்குள் சின்ன முட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். உள்ளே கை விட்டால் அறையை விட நன்றாகக் குளிர்ந்திருந்தது. அது வீட்டில் இருக்கும் நேரத்துக்கு. தூக்கிக்கொண்டு போக ஒரு சின்ன ஐஸ் பெட்டி, ஆனால் குப்பி ஐஸ் கட்டியைத் தொடக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும். கிளினிக் புத்தகமும் ஊசிகளும் அந்தப் பெட்டியோடுதான்.

வேலை நாளில் ஆளுக்கொரு பக்கம் இருப்போம். பிள்ளைகள் படிப்பது கொட்டாஞ்சேனையில், அது மேட்டுப் பக்கம். அவிசாவளை வீதி தண்ணீரில் மூழ்கினால் பிள்ளைகள் வீட்டுக்கு வர முயலக் கூடாது, பாடசாலையிலேயே நிற்க வேண்டும், இவர் புறக்கோட்டையிலிருந்து போய் அழைத்துக்கொண்டு நேரே வெள்ளவத்தைக்குப் போவார். அவருக்கு முடியாவிட்டால் யார் வருவார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கடிதமாகக் கொடுத்திருக்கிறோம். மகன் என் நம்பரையும் அப்பாவின் நம்பரையும் பாட்டு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். போனில் சேமித்த நம்பர், போன் நனைந்தால் போச்சு.

ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாவிட்டால் தகவல் சொல்ல ஒரு பொது ஆள் வேண்டும். முதலில் மட்டக்களப்பில் இருக்கும் என் அண்ணாவை வைத்திருந்தோம். டித்வாவில் தீவு முழுவதுமே பாதிக்கப்பட்டதை நினைத்து, லண்டனில் இருக்கும் தம்பியையும் சேர்த்தோம். அழைப்பு எடுபடாத நேரத்தில் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம், அதனால் நீண்ட பேச்சு வேண்டாம்: யார், எங்கே, யாரோடு.

வீட்டு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு, தரையோடு இருந்த பிளக் பொயின்ட்களை நெஞ்சளவுக்கு உயர்த்தினோம். கிளம்பும்போது மெயின் சுவிட்ச் அணைப்பது மகளின் வேலை, திரும்பி வந்தபின் ஆள் வந்து பார்க்காமல் யாரும் போடக் கூடாது. கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, மிதந்து போகாதபடி ஜன்னல் கம்பியில் கட்டுவது என் வேலை. ஒவ்வோர் அறையையும் சாமான்களோடு போட்டோ எடுத்து லண்டன் தம்பிக்கு அனுப்பியாயிற்று, நஷ்டஈடு கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டுமே. பழைய சப்பாத்துகளை எறியாமல் வைத்திருக்கிறேன். வெள்ளம் வடிந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், அதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

கிராம சேவகரிடம் போய், நீரிழிவுள்ள வயதானவர் வீட்டில் இருக்கிறார் என்று பதிந்து, எந்தப் பாடசாலை தங்குமிடமாகும் என்றும் கேட்டு வந்தேன். வெள்ளவத்தைக்குப் பாதை அடைபட்டால் அங்கேதான், அல்லது பள்ளிவாசல். எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் வெள்ள நேரத்தில் யார் என்ன மதம் என்று கேட்காமல் சோறு கொடுத்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

மச்சாளின் பிளாட் கடற்கரை ரயில் பாதைக்கு அருகில். அதனால் அங்கே போனபின் சுனாமி எச்சரிக்கை வந்தால் என்ன என்பதையும் எழுதினோம். காலி வீதியைத் தாண்டி ஹெவ்லொக் வீதிப் பக்கம் நடந்தே போவது, வாகனம் எடுப்பதில்லை. 2012 ஏப்ரலில் சுமாத்திராவில் நிலநடுக்கம் வந்து இங்கே எச்சரிக்கை விட்டபோது காலி வீதியில் வாகனம் நகரவில்லை என்று மச்சாள் சொன்னார்.

தாள் இப்போது பிரிட்ஜ் கதவிலும் மாமியின் பையிலும் இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 110 தீயணைப்பு, 1990 அம்புலன்ஸ். ஒரு சனிக்கிழமை இரவு லைட்டை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறிப் பார்த்தோம். இருட்டில் மாமிக்கு வாசல் படி தெரியவில்லை, அதனால் படி விளிம்பில் வெள்ளை பெயின்ட் அடித்து, டார்ச்சைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டோம்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஐயாவை யார் கூட்டிக்கொண்டு வருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவருக்கு நடக்க முடியாது, தூக்க இரண்டு பேர் வேண்டும். நானாவின் மூத்த மகனும் இவரும் என்று பேச்சு, ஆனால் பகலில் இவர் கடையில் இருப்பார். பகலுக்கு வேறு இருவரைப் பிடித்து, மே மழைக்கு முன் அவர்கள் பெயரையும் தாளில் எழுத வேண்டும்.