உளியால் வளர்ந்த பள்ளி

ஜப்பானுடனான போருக்கு நடுவே, 1938இல் சீனாவின் யெனானில் கம்யூனிஸ்டுகள் தொடங்கியது லூ சுன் கலைக்கழகம். மரச்செதுக்கு அச்சுக்கலையைச் சீன இளைஞர்களிடம் பரப்பிய எழுத்தாளர் லூ சுன் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எண்ணெய் வண்ணம் எளிதில் எட்டாத மலைப்பகுதி அது. மரமும் உளியும் கைகொடுத்தன.

அங்கே படித்த கு யுவானின் அச்சுகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஐரோப்பிய பாணியில் முகங்களில் கருநிழல் விழச் செதுக்கிய படங்கள் கிராமத்தாருக்குப் பிடிக்கவில்லை. பாதி முகம் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டார்கள். விவாகரத்து கோரி வந்த பெண்ணின் படத்தையே அவர் மறுபடி செதுக்கினார். நிழல் போய், தெளிந்த கோடுகள் வந்தன. அந்தப் பணிவு பெரிது! (1942க்குப் பிறகு கட்சி கலைஞர்களை இறுக்கிப் பிடித்ததும் உண்மை.)

யெனான் கலைக்கழகத்தின் வாரிசு இன்று ஷென்யாங்கில் லூ சுன் நுண்கலைக் கழகமாக இயங்குகிறது.